இரண்டு லட்சத்துக்கு சிடி பிளேயர்: காசு எந்தப் பகுதிக்குப் போகிறது?

"நல்ல ஆம்ப் இருக்கு, ஸ்பீக்கரும் பரவாயில்ல. பழைய சிடி பிளேயர் மட்டும்தான் இழுத்துக்கிட்டிருக்கு. ரெண்டு லட்சம் ஒதுக்கி வெச்சிருக்கேன், எதை வாங்கலாம்ணே?"

இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர். அலமாரியில் நானூறு, ஐந்நூறு சிடி வைத்திருப்பார். பதிலுக்கு ஒரு மாடல் பெயரை எதிர்பார்ப்பார். நான் திருப்புளி இருக்கிறதா என்று கேட்பேன்.

பழைய பிளேயரின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, சிடி போடாமல் பவர் கொடுத்துப் பாருங்கள். (பவர் சப்ளை பக்கம் கை போகக் கூடாது. லென்ஸுக்கு நேர் மேலே குனிந்தும் பார்க்கக் கூடாது. 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணைக் கெடுக்க மட்டும் நன்றாகத் தெரியும்.) பட்டாணி அளவு லென்ஸ் ஒன்று இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் எழும்பித் தேடும். ஒன்றும் அகப்படாவிட்டால் 'நோ டிஸ்க்' என்று காட்டிவிட்டு அடங்கிவிடும். சிடி இருந்தால் இதே லென்ஸ் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றிச் சுற்றி ஓடும் தடத்தை, தட்டு லேசாக ஆடினாலும் விடாமல், ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தடம் தொடங்குவது தட்டின் உள்பக்கம், முடிவது வெளி ஓரம். அதற்கேற்பத் தட்டின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றிலிருந்து 200 வரை இறங்கிக்கொண்டே வரும்.

லென்ஸ், அதை ஆட்டும் சுருள், நகர்த்தும் மோட்டார், தண்டவாளத்தில் தடவிய கிரீஸ், டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட். சிடி பிளேயரில் முதலில் தேய்வது இவைதான். இன்னொரு பக்கம், எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப் இருக்கிறது; டாக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. விளம்பரங்களில் பாதிப் பக்கம் இந்த சிப்பைப் பற்றியே இருக்கும், வீட்டில் மக்கர் செய்வதோ முதலில் சொன்ன கூட்டம். இரண்டு லட்சம் ரூபாயை எங்கே போடுவது என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

சிப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சோனியின் சிடிபி-101 ஜப்பானில் 1982 அக்டோபர் 1-ல் விற்பனைக்கு வந்தபோது விலை 1,68,000 யென். அந்தக் காலத்தில் 16 பிட் (ஒலியின் ஒவ்வொரு அளவையும் 16 இலக்க இரும எண்ணாகக் குறிப்பது) டாக் சிப் செய்வதே பெரிய வித்தை. பிலிப்ஸ் தன் முதல் பிளேயர்களில் 14 பிட் சிப்பையே வைத்து, நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (இருக்கும் அளவுகளுக்கு நடுவே இன்னும் அளவுகளைக் கணக்கிட்டு நிரப்புவது) மூலம் ஈடுகட்டியது. அன்றைக்கு ஒரு பிளேயருக்கும் இன்னொன்றுக்கும் சத்தத்தில் வித்தியாசம் இருந்தது என்றால் நம்பலாம். இன்று சில ஆயிரம் ரூபாய்ப் பொருளில் உட்காரும் சிப்கூட சிடிக்குத் தேவையான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 அளவுகள்) வேலையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. சிடியின் மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே இருப்பது சுமார் 96 டெசிபல். தலைக்கு மேல் மின்விசிறி ஓடும் நம் அறையில் அந்தச் சத்தமே 40 டெசிபலை எட்டிவிடும். மெல்லிய முனையில் இருக்கும் நுணுக்கம் பாதி அங்கேயே முங்கிப் போகிறது. ஏசி போட்டாலும் கதை பெரிதாக மாறாது.

2007-ல் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை எழுதினார்கள். உயர் தெளிவு ஒலிப்பதிவு ஓடும் பாதையில், கேட்பவருக்குச் சொல்லாமல், சிடி தரத்துக்கு இறக்கித் திரும்ப ஏற்றும் ஒரு பெட்டியைச் சேர்ப்பார்கள், எடுப்பார்கள். எது எது என்று சொல்ல வேண்டும். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும். அவர்கள் பயன்படுத்திய தட்டுகள் எல்லாமே உண்மையில் உயர் தெளிவுதானா என்று பிறகு சண்டை நடந்தது, இன்னும் நடக்கிறது. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். சிடி என்ற வடிவத்தை ஒழுங்காக ஒலிக்க வைப்பது இன்று அரிய வித்தை அல்ல என்பது மட்டும் போதும்.

"கடையில் நானே கேட்டேனே, விலை கூடின பிளேயரில் பாட்டு பளிச்சென்று எழுந்து வந்ததே" என்பீர்கள். வந்திருக்கும். பிளேயரின் வெளியீட்டுக்கு வழக்கமான அளவு 2 வோல்ட். சில மாடல்கள் 2.5 வோல்ட் வரை தரும். அந்த அரை வோல்ட் கிட்டத்தட்ட 2 டெசிபல் கூடுதல் சத்தம். சத்தம் கூடியதாகக் காதுக்குத் தெரியாது. 'தெளிவு', 'ஆழம்', 'உயிர்' என்றுதான் தோன்றும். எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை கொண்ட வயர் இணைப்பு) வழியாக இணைத்திருந்தால் பெரும்பாலும் 4 வோல்ட், அதாவது 6 டெசிபல். அதற்கு மேல் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. சத்தத்தைச் சமப்படுத்தாமல் வைத்தால் அவர் காதுக்கும் அப்படித்தான் கேட்கும்.

வேண்டுமென்றே நிறம் சேர்க்கும் பிளேயர்களும் உண்டு. வால்வு வைத்தவை இருக்கின்றன. ஓவர்சாம்பிளிங்கே செய்யாத வகையில் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும், அதனால் கொஞ்சம் மென்மையாகக் கேட்கும். அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். நெய் கூடப் போட்ட பொங்கல் என்று தெரிந்துதான் சாப்பிடுகிறோம்.

வீட்டிலேயே உருப்படியாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. பழைய பிளேயரின் பின்பக்கம் எண்களை அப்படியே வெளியே தரும் டிஜிட்டல் அவுட், கோஆக்சியலோ ஆப்டிகலோ, இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வாங்க நினைக்கும் டாக்கை (அந்த சிப்பைத் தனிப் பெட்டியாகவும் விற்பார்கள்) அதில் மாட்டி ஆம்பின் ஒரு இன்புட்டில் கொடுங்கள். பிளேயரின் சிவப்பு வெள்ளை வயர் வழக்கம்போல் இன்னொரு இன்புட்டில் இருக்கட்டும். இப்போது ஒரே சிடி, ஒரே நொடி, இரண்டு டாக். செலக்டரைத் திருப்பினால் போதும். சத்தத்தைச் சமமாக்க 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஒரு சிடி-ஆரில் எழுதி ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். வால்யூம் உள்ள டாக் என்றால் சுலபம். சாதா மல்டிமீட்டர் உயர் அதிர்வெண்ணில் பொய் சொல்லும், அதனால்தான் 100 ஹெர்ட்ஸ். பிறகு செலக்டரை வீட்டில் வேறு யாரையாவது திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி உட்காருங்கள். இதைச் செய்து பார்த்தவர்கள் அதற்கப்புறம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது.

இனி வழிகள். முதலில் அந்த இரண்டு லட்சத்துப் பெட்டி. மராண்ட்ஸ் எஸ்ஏசிடி 30என் போன்றவை இந்த வட்டாரத்துக்கும் கொஞ்சம் மேலே. கனமான சேஸி, சொந்தமாகச் செய்த டிரைவ், உள்ளேயே ஸ்ட்ரீமிங், வெளியிலிருந்து டிஜிட்டல் சிக்னல் வாங்கும் வசதி. ரீகா சாட்டர்ன் டிரேயே இல்லாமல் மேலிருந்து மூடி திறக்கும் வகை. இழுத்துத் தள்ளும் பெல்ட் என்ற ஒரு தலைவலி அதோடு போயிற்று. டியாக்கின் விஆர்டிஎஸ்-701 சிடியை அதே அளவுத் தட்டு ஒன்றோடு அழுத்திப் பிடித்துச் சுழற்றுகிறது. தட்டு ஆட்டத்தை அடக்கும் அழகான பொறியியல், விலையும் அதற்கேற்ப. இவற்றைத் தொட்டுப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். டிரே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் விதம், பட்டனின் கனம், காட்சித் திரையின் அமைதி எல்லாம் தினமும் அனுபவிக்கிற சுகம். அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஒரு கூட்டத்துக்கு இது சுகம் மட்டுமில்லை, தேவையும்கூட. சிடியைவிட உயர் தெளிவில் பதிந்த எஸ்ஏசிடி தட்டுகள் உங்களிடம் இருந்தால் (1999-ல் வந்த அந்த வடிவம் கர்நாடக, தமிழ் இசைக்காரர்கள் வீட்டில் அபூர்வம், மேற்கத்திய செவ்விசை கேட்பவர்களிடம் சகஜம்) அதன் உயர் தெளிவு அடுக்கு கோஆக்சியல், ஆப்டிகல் வழியாக வெளியே வராது. படிக்கும் பெட்டியே ஒலியாக மாற்றித் தர வேண்டும். அப்படியென்றால் நல்ல எஸ்ஏசிடி பிளேயரே வழி, மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

மற்றவர்கள் யோசிக்க வேண்டியது உதிரி பாகம். பெட்டி எவ்வளவு விலை போனாலும் லேசர் பகுதி பல சமயம் வெளியிலிருந்து வாங்கியதாகத்தான் இருக்கும். உயர்ரக பிளேயர்களில் ஒரு காலத்தில் மதிப்பாகப் பேசப்பட்ட பிலிப்ஸின் சிடி-ப்ரோ2 இப்போது தயாரிப்பிலேயே இல்லை. லேசர் போனால் அந்த லட்ச ரூபாய்ப் பெட்டி அலங்காரப் பொருள்தான். மாறாக, சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை லேசர் மலிவான பிளேயர்கள் கணக்கில்லாமல் பயன்படுத்தியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் தேடினால் அதற்கு மாற்று கிடைக்கும். (தரம் முன்னே பின்னே இருக்கும், அது வேறு.) விலை ஏற ஏறப் பழுது பார்ப்பதும் கஷ்டமாகும் விநோதம் இதில் உண்டு. கம்பெனிகளின் மனநிலையையும் கவனியுங்கள்: லின் 2009-லேயே சிடி பிளேயர் செய்வதை விட்டுவிட்டது. நார்வேயின் ஹேகல் 2016-ல் 'இதுதான் எங்கள் கடைசி' என்று சொல்லி மொஹிக்கன் என்று பெயர் வைத்து ஒரு பிளேயர் விட்டது. 2023-ல் மனது கேட்காமல் வைக்கிங் என்று இன்னொன்று வந்தது. யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று சொல்ல முடியாத சந்தை.

இரண்டாவது வழி, படிப்பதையும் மாற்றுவதையும் பிரித்து வாங்குவது. டிரான்ஸ்போர்ட் ஒன்று, டாக் ஒன்று. ஆடியோலேப் 6000சிடிடி, கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சி இரண்டும் சிடியைப் படித்து எண்களை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளும். நல்ல டாக் பத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குள் முடியும். இரண்டும் சேர்த்தால் ஒதுக்கிய பணத்தில் பாதி. சிப் பழசாகிவிட்டது என்று தோன்றினால் அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றலாம், லேசர் போனால் பெரிய பெட்டியை மட்டும். டிவி, கணினி, ஃபோன் எல்லாமே அதே டாக் வழியாகப் போகும். 2020 அக்டோபரில் ஜப்பானில் டாக் சிப் செய்யும் ஏகேஎம் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பிடித்தபோது பல கம்பெனிகள் அவசரமாக வேறு சிப்புக்கு மாறின. கேட்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

டிரான்ஸ்போர்ட்டுக்குள்ளேயே தர வித்தியாசம் உண்டா? சத்தத்தில் என்று கேட்டால், இன்றைய டாக்குகள் வரும் எண்களின் நேரத் தடுமாற்றத்தைத் தாங்களே சீர்செய்துகொள்கின்றன. இருநூறு ரூபாய் கோஆக்சியல் வயரும் இருபதாயிரம் ரூபாய் வயரும் ஒன்றுதான், இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. கீறல் விழுந்த தட்டைப் படிப்பதில் மட்டும் வித்தியாசம் நிஜமானது. சிடியின் பிழைதிருத்தும் முறை சுமார் 4000 பிட், அதாவது தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தொலைந்தாலும் மிச்சத்தை வைத்து முழுசாகக் கணக்கிட்டுவிடும். அதற்கு மேல் போனால் ஊகித்து நிரப்பும், பிறகு சத்தத்தை அடக்கும், கடைசியில் குதிக்கும். தடத்தை விடாமல் பிடித்து நடக்கும் டிரான்ஸ்போர்ட் இந்த எல்லையை அவ்வளவு சீக்கிரம் தொடாது. கூடுதல் காசு கொடுக்க நியாயமான இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. நூறு பாட்டு அடங்கிய எம்பி3 சிடிகள் ஒரு கட்டு வைத்திருப்பவர்கள் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். உயர்ரகப் பெட்டிகளிலும் டிரான்ஸ்போர்ட்டுகளிலும் பல, ஆடியோ சிடி தவிர வேறெதையும் தொடாது.

மூன்றாவது வழி எல்லாவற்றிலும் மலிவு: சிடிகளை ரிப் செய்து, அதாவது கணினியில் கோப்பாக நகலெடுத்து, ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவது. யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்று போதும். ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்பாக்கினால் ஒரு சிடிக்கு 300, 400 எம்பி. ஐந்நூறு சிடி 200 ஜிபிக்குள் அடங்கிவிடும், ஒரு பிட் கூடக் குறையாமல். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் பிழை வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், உலகில் மற்றவர்கள் எடுத்த நகலோடு சரிபார்க்கவும் செய்யும். அரிதான தமிழ் சிடிகளுக்கு ஒப்பிட ஆள் கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டு தடவை எடுத்து இரண்டும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலிவு சரி, உழைப்பு? பாட்டுப் பெயரை உள்ளிடுவதில் இருக்கும் அவஸ்தை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். ஒரே பாடகர் பெயர் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு ஆளாக நிற்பார். இன்னொரு பொறியும் உண்டு. ஆரம்ப காலத்து சிடிகள் சிலவற்றில் உயர் ஸ்தாயியைத் தூக்கிப் பதிந்து, ஒலிக்கும்போது இறக்கச் சொல்லி ஒரு குறி வைத்திருப்பார்கள், ப்ரீஎம்பஸிஸ் என்று பெயர். சிடி பிளேயர் அதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். கணினியில் ரிப் செய்யும்போது குறி தவறிவிட்டால் ஜால்ராவும் 'ஸ' ஒலியும் காதைக் குத்தும். எண்பதுகளின் பழைய வெளிநாட்டு அச்சு சிடி ரிப் செய்தபின் கரகரவென்று கேட்டால் இதைச் சந்தேகியுங்கள், டாக்கைத் திட்ட வேண்டாம்.

பிளேயர் வாங்குகிறவர்களும் இந்த வேலையில் ஒரு பகுதியைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் எழுதிய, ரெக்கார்டிங் சென்டரில் எழுதி வாங்கிய சிடி-ஆர்கள் இருக்கின்றனவே, அவற்றில் இருப்பது சாயம். நம் ஊர் வெயிலில் அந்தச் சாயம் வெளிறிக்கொண்டே வரும். கல்யாண நாதஸ்வரப் பதிவு, தாத்தா குரல் மாதிரி திரும்பக் கிடைக்காதது எதுவானாலும் இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.

நான்காவது, பழைய ஜாம்பவான்கள். பிலிப்ஸின் டிடிஏ1541ஏ டாக் சிப்பும் சிடிஎம்-1 டிரைவும் வைத்த மராண்ட்ஸ் சிடி-94 போன்றவற்றுக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. வார்ப்பு உலோகத்தில் செய்த டிரைவைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலான லேசர், காய்ந்த கெபாசிட்டர்கள், போலி சிப்கள். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் 100 வோல்ட். நம் 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு சரி, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனிச் செலவு. சாலிடரிங் தெரிந்தவருக்கு இது இன்பம், மற்றவருக்கு வேண்டாத வேலை.

இன்னொன்றை யாரும் வழியாகவே எண்ணுவதில்லை: இருப்பதைச் சரிசெய்வது. டிரே திறக்காவிட்டால் பெரும்பாலும் பெல்ட், சில பத்து ரூபாய் சமாச்சாரம். கடைசிப் பாட்டுகளில் மட்டும் குதித்தால் வெளி ஓரம் வரை லென்ஸ் சரளமாகப் போகவில்லை என்று பொருள். காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் பலமுறை தீர்ந்துவிடும். தட்டையே அடையாளம் காண மறுத்தால் லென்ஸில் தூசிப் படலம் இருக்கலாம், லேசர் ஓய்ந்தும் இருக்கலாம். முதலாவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாக ஒரு தடவை துடைத்தால் போதும்.

ஆகவே அந்த இரண்டு லட்சக்காரருக்கு நான் சொல்வது: டிஜிட்டல் அவுட் இருக்கும் பழைய பிளேயர் இன்னும் படிக்கிறதென்றால் இருபதாயிரத்துக்கு ஒரு டாக்கைக்கூட அவசரப்பட்டு வாங்க வேண்டாம், மேலே சொன்ன சோதனையைக் கடன் வாங்கியாவது செய்துவிட்டு முடிவெடுங்கள். படிப்பதே நின்றுவிட்டால் டிரான்ஸ்போர்ட்டும் டாக்கும். மிச்சப்படும் ஒரு லட்சம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஸ்பீக்கரை மாற்றினால் கண்ணைக் கட்டிவிட்டாலும் வித்தியாசம் தெரியும். வெறும் சுவரும் மொசைக் தரையுமாக எதிரொலிக்கும் ஹாலில் ஒரு கனத்த ஜமுக்காளமும் திரைச்சீலையும் போட்டால்கூடத் தெரியும். ஸ்பீக்கரும் அறையும் ஏற்கெனவே மனதுக்கு நிறைவாக அமைந்து, தட்டை எடுத்து வைத்துக் கேட்கும் சடங்கே பிடித்துப்போய், கையில் காசும் இருந்தால் அந்தப் பெரிய பெட்டியை வாங்குங்கள். அதற்கு ஒலித்தரக் காரணம் தேட வேண்டியதில்லை, ஆசை போதும்.

எதை வாங்கினாலும் கடையில் மூன்று கேள்வி: லேசர் பகுதியின் மாடல் என்ன, அது தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் இந்த ஊரிலா அல்லது பெட்டியை மும்பைக்கு அனுப்ப வேண்டுமா. செகண்ட் ஹேண்ட் என்றால் எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் சிடி ஒன்றும், கொஞ்சம் கீறல் விழுந்த ஒன்றும், ஒரு சிடி-ஆரும் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டி அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, நீண்ட சிடியின் கடைசிப் பாட்டைப் போட்டு முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.